கண்ணாடியில் இருப்பது தம்பியின் ரேகை என்றால், அது எப்போது பட்டது?

கேள்வி: ஐயா, என் தம்பி எலக்ட்ரீஷியன். போன ஆவணியில் எங்கள் ஊரில் ஒரு வீட்டுக் குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக் கொடுத்தான். தை மாதம் அந்த வீட்டார் வெளியூர் போயிருந்தபோது திருட்டு நடந்துவிட்டது. குளியலறை ஜன்னலின் லூவர் கண்ணாடிகளைக் கழற்றி உள்ளே புகுந்து நகையை எடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்துபோனவர்களை எல்லாம் அழைத்து விரல் பதிவு எடுத்த போலீசார், ஒரு கண்ணாடியில் இருப்பது தம்பியின் ரேகை என்று சொல்லி அவனைக் கைது செய்தார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறான். "கைரேகை பொருந்திவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று வக்கீலே சொல்கிறார். ரேகையை வைத்து அது எப்போது பட்டது என்று கண்டுபிடிக்க முடியாதா? ஐந்து மாதம் ஒரு ரேகை கண்ணாடியில் நிற்குமா? நிபுணர்கள் தவறே செய்யமாட்டார்களா? யாராவது வேண்டுமென்றே அவன் ரேகையைக் கொண்டுபோய் வைத்திருக்க முடியுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் அப்பா கொத்தனார். ரேஷன் கடையில் அவர் விரலை இயந்திரம் ஏற்பதே இல்லை. அப்பாவின் விரலையே அடையாளம் தெரியாத இயந்திரத்தை நம்பி தம்பியை எப்படிக் குற்றவாளி ஆக்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விரல்ரேகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் தம்பியின் வழக்குக் காகிதங்களை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். இதை உங்கள் வக்கீலிடமும் படித்துக் காட்டுங்கள். "ஒன்றும் செய்ய முடியாது" என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்த வழக்கில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். "அது என் ரேகையே இல்லை" என்று தம்பி எங்கேயும் சொல்ல வேண்டாம். ஆவணியில் அதே ஜன்னலில் அவன் வேலை பார்த்திருக்கிறான். ஃபேன் மாட்ட இடம் செய்ய அவனே கண்ணாடிகளைக் கழற்றியிருப்பான். அப்படியானால் அவன் ரேகை அங்கே இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இருக்கிற ஒன்றை மறுத்துவிட்டு, பிறகு அறிக்கை சரி என்று ஆகிவிட்டால், அவன் சொல்லும் உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள். ரேகை அவனுடையது, அது வேலை செய்தபோது பட்டது என்பதே அவன் தரப்பு. ஆரம்பம் முதல் அதையே சொல்லட்டும்.

விரல்ரேகை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்தப் பொருளைத் தொட்டது யார்? எப்போது, எதற்காக என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் கிடையாது. இது நான் புதிதாகச் சொல்வதும் இல்லை. இந்தத் துறை நம் நாட்டில் பிறந்த காலத்திலேயே நீதிமன்றத்துக்குத் தெரிந்திருந்தது. உலகின் முதல் விரல்ரேகை அலுவலகம் கல்கத்தாவில் 1897-ல் தொடங்கியது. எட்வர்ட் ஹென்றி என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரில், ரேகைகளை வகைப்படுத்தும் முறை அங்கிருந்து உலகெங்கும் போனது. அதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள். (அவர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தத் துறையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.) அடுத்த வருடமே, 1898-ல், ஜல்பாய்குரி மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டி உடைக்கப்பட்டுப் பணம் போயிருந்தது. உள்ளே இருந்த ஒரு வங்காளப் பஞ்சாங்கத்தின் அட்டையில் ரத்தக் கறையாக ஒரு கட்டைவிரல் பதிவு. அது அவரிடம் முன்பு வேலை பார்த்து, திருட்டு வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஓர் ஆளின் பதிவோடு பொருந்தியது. தீர்ப்பு என்ன தெரியுமா? திருட்டுக்குத் தண்டனை கொடுத்தார்கள். கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். பஞ்சாங்கத்தைத் தொட்டவன் அவன்தான் என்று ரேகை காட்டியது. கொன்றவன் அவன்தான் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. ரத்தத்தில் பதிந்த ரேகைக்கே அவ்வளவு யோசித்தார்கள் என்றால், வேலைக்குப் போன வீட்டின் கண்ணாடியில் பதிந்த ரேகைக்கு எவ்வளவு யோசிக்க வேண்டும்!

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு ரேகையின் வயதை நம்பகமாகக் கணக்கிடும் முறை இன்றுவரை இல்லை. விரல் நுனியில் சுரப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அது சீக்கிரமே ஆவியாகிவிடும். உப்பு, அமினோ அமிலங்கள், முகத்தையும் தலையையும் தொட்டதில் ஒட்டிய எண்ணெய்ப் பசை இவை தங்கிவிடும். எவ்வளவு பசை, என்ன வெயில், எவ்வளவு ஈரப்பதம், யார் எப்போது துடைத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரு ரேகை ஒரு நாளிலும் போகலாம், பல மாதமும் நிற்கலாம். காகிதத்தில் பதிந்ததை நின்ஹைட்ரின் என்ற ரசாயனம் போட்டுப் பல வருடம் கழித்தும் எடுக்க முடிகிறது. ஆகவே ஐந்து மாதம் கண்ணாடியில் நிற்குமா என்றால், நிற்க முடியும். கட்டாயம் நிற்கும் என்றும் சொல்ல மாட்டேன். ரேகை தெரிவதற்காக அதன்மேல் பவுடர் தூவுவார்கள். "பவுடர் நன்றாகப் பிடித்தது, அதனால் புதிய ரேகை" என்று யாராவது சாட்சி சொன்னால், எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறீர்கள் என்று வக்கீல் கேட்க வேண்டும்.

ஆனால் நாள் தெரியாவிட்டாலும், சில சமயம் எது முன், எது பின் என்று தெரியும். உங்கள் வழக்கில் அதற்கு இடம் இருக்கிறது. குளியலறை லூவரில் தூசி படியும். சோப்புப் படலமும் படியும். தூசி படிந்த பிறகு ஒருவர் தொட்டால், விரலின் மேடுகள் தூசியை ஒற்றி எடுத்துவிடும். கண்ணுக்கே தெரிகிற மாதிரி ரேகை தூசியில் பதிந்திருக்கும். சுத்தமான கண்ணாடியில் முன்பே தொட்டிருந்தால், ரேகை கண்ணாடிமேல் இருக்கும், தூசி அதன்மேல் படிந்திருக்கும். பவுடர் போடுவதற்கு முன் எடுத்த புகைப்படத்தில் இந்த வித்தியாசம் பல நேரம் தெரியும். அதனால் பவுடருக்கு முந்தைய புகைப்படம் இருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது இரண்டு பக்கமும் வெட்டும். ரேகை தூசியில்தான் பதிந்திருக்கிறது, ஆவணியில் வேலை முடிந்தபின் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார்கள் என்றால், அது தம்பிக்கு எதிராகப் போகும். வாரா வாரம் கழுவுவோம் என்று வீட்டு அம்மா சொன்னாலும் அப்படித்தான். அதனால் வக்கீல் இதை முதலில் படத்தில் பார்த்துவிட்டு, அப்புறம் கூண்டில் கேட்கட்டும்.

அடுத்தது ரேகை இருக்கும் இடம். என் அனுபவத்தில் ரேகையைவிட அது எங்கே, எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான் அதிகம் பேசும். லூவர் கண்ணாடி இரண்டு முனையிலும் அலுமினிய கிளிப்பில் செருகியிருக்கும். கிளிப்பின் உதட்டை நெம்பிவிட்டு, கண்ணாடியின் நீள விளிம்பைப் பிடித்து உருவ வேண்டும். ஒருவர் குளியலறைக்குள் ஸ்டூல் போட்டு நின்று உருவினால், பொதுவாகக் கட்டைவிரல் உள்முகத்திலும் மற்ற விரல்கள் வெளிமுகத்திலும் படும். விரல் நுனிகள் வெளியே பார்க்கும். வெளியே நின்று உருவினால் அப்படியே தலைகீழ். திருடர்கள் வெளியிலிருந்து கழற்றியிருக்கிறார்கள். தம்பி உள்ளே நின்று வேலை செய்திருக்கிறான். ஆக, கிடைத்தது எந்த விரல், எந்த முகத்தில், நுனி எந்தப் பக்கம் பார்த்து என்ற மூன்றும் தெரிந்தால், இந்த வழக்கின் பாதி தெரிந்துவிடும். கழற்றிய பிறகு கண்ணாடியை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம், திருப்பியும் மாட்டலாம். அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் கேட்காமல் விடவே கூடாது.

தம்பியை உட்காரவைத்து நிதானமாகக் கேளுங்கள். எத்தனை கண்ணாடி கழற்றினான்? ஃபேனுக்கு இடம் விட்டது மேலேயா கீழேயா? மிச்சக் கண்ணாடியை என்ன செய்தான்? ஏதாவது ஒன்றைக் கழற்றித் திரும்ப மாட்டினானா? இதை எல்லாம் அவன் ஞாபகம் மங்குவதற்கு முன் ஒரு தாளில் படமாக வரைந்து வக்கீலிடம் கொடுங்கள். ஃபேன் வாங்கிய பில், கூலி ஜிபேயில் வந்திருந்தால் அந்தப் பதிவு, வீட்டுக்காரரோடு வாட்ஸ்அப்பில் பேசியது, வேலை முடிந்ததும் எடுத்த போட்டோ எதுவாக இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். ஆவணியில் அந்த ஜன்னலில் அவன் வேலை செய்தான் என்பதை வீட்டுக்காரரே மறுக்க முடியாதபடி நிறுவிவிட்டால், அந்த ரேகைக்கு நியாயமான காரணம் ஒன்று இருப்பதாக ஆகிவிடும். அது பொய் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அப்புறம் அரசுத் தரப்புடையது.

மற்றக் கண்ணாடிகளையும் மறக்க வேண்டாம். திருடர்கள் ஆள் நுழையும் அளவுக்குக் கண்ணாடி கழற்றியிருக்கிறார்கள் என்றால் நாலைந்தாவது இருக்கும். அதில் ஒன்றில் மட்டும்தான் தம்பியின் ரேகை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மற்றவற்றில் என்ன இருந்தது? கையுறைத் தடமா? துடைத்த தடமா? வேறு யாருடைய ரேகையாவதா? எல்லாக் கண்ணாடியையும் கையுறை போட்டுக் கழற்றியவன் ஒன்றை மட்டும் ஏன் வெறும் கையால் தொட்டான் என்பது எந்த நீதிபதியும் யோசிக்கிற கேள்வி. பீரோவில், நகைப் பெட்டியில், கதவுத் தாழ்ப்பாளில் என்ன கிடைத்தது? அங்கெல்லாம் தம்பியின் ரேகை இருந்தால் அவன் சொல்லும் விளக்கம் நிற்காது. ஃபேன் மாட்டப் போனவனுக்குப் பீரோவில் வேலை இல்லை. இல்லாவிட்டால் அதை வக்கீல் உரக்கச் சொல்ல வேண்டும். சம்பவ இடத்தில் கிடைப்பதை நாங்கள் சான்ஸ் பிரிண்ட் என்போம். முதலில் வீட்டாரின் ரேகைகளை ஒப்பிட்டுக் கழித்துவிடுவோம். மிச்சம் நிற்பதில் யாருக்கும் பொருந்தாத ரேகை இருந்ததா, இருந்தால் அதை 2022-ல் நாடு முழுவதற்குமாக வந்த நாஃபிஸ் என்ற தானியங்கித் தேடல் அமைப்பில் போட்டுப் பார்த்தார்களா என்று எழுத்திலேயே கேட்கலாம்.

நிபுணர்கள் தவறே செய்யமாட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்வார்கள். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒருவரின் விரல் மேடுகள் கருவிலேயே, சுமார் பத்தாவது வாரம் தொடங்கி உருவாகின்றன. ஆறாம் மாதத்துக்குள் நிலைத்துவிடுகின்றன. ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் வேறு வேறாகத்தான் இருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சம்பவ இடத்தில் கிடைப்பது முழு விரல் இல்லை. பாதி நுனி, வழுக்கிய பதிவு, ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது, இப்படித்தான் கிடைக்கும். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு, இங்கே ஒரு கோடு முடிகிறது, அங்கே ஒன்று இரண்டாகப் பிரிகிறது, இரண்டுக்கும் நடுவில் நாலு கோடு ஓடுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து முடிவு செய்வது ஒரு மனிதர்.

இதில் என்ன தவறு நடக்கலாம் என்பதற்கு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு 2004-ல் நடந்தது. மார்ச் 11-ம் தேதி ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட்டில் ரயில்களில் குண்டு வெடித்து ஏராளமானவர்கள் இறந்தார்கள். ஒரு வேனில் டெட்டனேட்டர்கள் இருந்த நீல பிளாஸ்டிக் பை கிடைத்தது. அதில் ஒரு விரல் பதிவு. அதன் படத்தை அமெரிக்காவின் எஃப்பிஐக்கு அனுப்பினார்கள். அங்கே கம்ப்யூட்டர் கோடிக்கணக்கான பதிவுகளில் தேடி, ஓரளவு ஒத்துப்போகிற 20 பேரைப் பட்டியலிட்டுக் கொடுத்தது. நாலாவது பெயர் பிராண்டன் மேஃபீல்ட். ஒரிகன் மாநிலம் போர்ட்லாண்டில் வக்கீலாக இருந்தவர்; முன்பு ராணுவத்தில் இருந்ததால் அவர் விரல் பதிவு கோப்பில் இருந்தது. எஃப்பிஐயின் மூன்று அனுபவசாலிகள் ஒருவர்பின் ஒருவராக அது அவருடைய ரேகைதான் என்றார்கள். ஏப்ரல் மாதமே ஸ்பெயின் போலீஸ் எங்களுக்குப் பொருந்தவில்லை என்று தெரிவித்தது. எஃப்பிஐ அசையவில்லை. மே 6-ம் தேதி மேஃபீல்டைக் கைது செய்தார்கள். நீதிமன்றம் தனியாக நியமித்த நான்காவது நிபுணரும் அவர் ரேகைதான் என்றே சொன்னார். அந்த நேரத்தில்தான் ஸ்பெயின் போலீஸ், அந்த ரேகை உனானே தாவுத் என்ற அல்ஜீரியருடையது என்று கண்டுபிடித்தது. மே 20-ல் மேஃபீல்ட் வெளியே வந்தார். எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. 2006-ல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்தது.

எப்படி நடந்தது என்று பிறகு விசாரித்தார்கள். இரண்டு ரேகைக்கும் உண்மையாகவே வழக்கத்துக்கு மீறிய ஒற்றுமை இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் தேடினால் நம் ஆள் ஜாடையில் யாராவது ஒருவர் கண்ணில் படுவதைப் போல, கோடிக்கணக்கான பதிவில் தேடினால் அப்படி ஒன்று மாட்டத்தான் செய்யும். அதற்கு மேல் நடந்ததுதான் மனிதத் தவறு. சில இடங்கள் ஒத்துப்போனதும், மேஃபீல்டின் தெளிவான பதிவைப் பார்த்துவிட்டு, பையிலிருந்த மங்கலான பதிவில் அதே அடையாளங்களைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். தேடினால் தெரியும், மங்கலில் எதுவும் தெரியும். ஒத்துப்போகாத ஒரு பெரிய பகுதியை, அது வேறு ஒரு தொடுதலால் வந்தது என்று ஒதுக்கிவிட்டார்கள். சரிபார்க்க வந்த இரண்டாவது, மூன்றாவது ஆளுக்கு முதல் ஆளின் முடிவு முன்பே தெரிந்திருந்தது.

முன்கூட்டியே தெரிந்த தகவல் கண்ணை எப்படி மாற்றும் என்பதை 2006-ல் இடியல் டிரோர் என்ற ஆய்வாளர் சோதித்தார். ஐந்து நிபுணர்களிடம், அவர்களே முன்பு பொருந்துகிறது என்று முடிவு செய்த ஒரு ஜோடியைக் கொடுத்து, இது மேஃபீல்ட் வழக்கில் தவறாகப் பொருத்தியது என்று சொன்னார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவிலிருந்தே மாறிவிட்டார்கள். இதைச் சொல்லி உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. 2011-ல் அமெரிக்காவில் 169 நிபுணர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், வேறு ஆளின் ரேகையைப் பொருந்துகிறது என்று தவறாகச் சொன்னது ஆயிரத்தில் ஒன்று அளவில்தான் இருந்தது. ஒரே ஆளின் ரேகையைப் பொருந்தவில்லை என்று தவறவிட்டதுதான் அதிகம், நூற்றில் ஏழெட்டு. பயிற்சி பெற்றவர் நல்ல பதிவை வைத்து நிதானமாகச் செய்தால் இது வலுவான சாட்சிதான். அதோடு, உங்கள் தம்பி விஷயத்தில் கோடிப் பேரில் தேடவில்லை. வீட்டுக்கு வந்துபோன சிலரோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள். தற்செயலாக ஜாடை ஒத்துப்போவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதனால்தான் ரேகையை மறுக்க வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

இருந்தாலும் அறிக்கையைச் சும்மா ஏற்க வேண்டியதில்லை. குற்றப்பத்திரிகையோடு வரும் நகல்களில் நிபுணர் அறிக்கை ஒரே ஒரு வரி முடிவாக இருந்தால் போதாது. இரண்டு பதிவையும் பெரிதாக்கி, ஒத்துப்போகும் இடங்களுக்கு எண் போட்ட படங்கள் வேண்டும். எத்தனை இடம் ஒத்துப்போக வேண்டும் என்று நம் சட்டத்தில் எண்ணிக்கை எதுவும் இல்லை. இங்கிலாந்தில் பல காலம் 16 என்று வைத்திருந்தார்கள், 2001-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதனால் எண்ணிக்கையோடு சண்டை போடுவதைவிட, விளக்கம் இல்லாத வேறுபாடு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பயன் தரும். நீதிமன்ற அனுமதியோடு வேறு ஒரு நிபுணரிடம் அந்தப் படங்களைக் காட்டலாம். அவரிடம் காட்டும்போது போலீஸ் என்ன சொன்னது, தம்பி என்ன சொன்னான் என்று எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அரசு விரல்ரேகைப் பிரிவின் இயக்குநர் அறிக்கையை அவரை நேரில் அழைக்காமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றால், அவரை அழைக்கும்படி வக்கீல்தான் மனுப் போட வேண்டும். சும்மா இருந்தால் காகிதம் மட்டும் பேசிவிட்டுப் போய்விடும். நிபுணர் கருத்து தனியாக நிற்கிற சாட்சி இல்லை, மற்ற சாட்சியத்துக்கு வலுச் சேர்ப்பது மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் முஷீர் கான் வழக்கில் சொல்லியிருக்கிறது. நகை எதுவும் தம்பியிடம் கிடைக்கவில்லை, அன்று அவன் வேறு எங்கோ இருந்தான் என்றால், அதோடு சேர்த்துத்தான் இந்த ரேகையை எடை போட வேண்டும்.

யாராவது ரேகையை வைத்திருப்பார்களா என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. செய்யவே முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆதாரம் இல்லாமல் அந்தக் குற்றச்சாட்டைக் கிளப்பினால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும். தேதிகளைப் பாருங்கள், அது போதும். திருட்டு தெரிந்த அன்றே நிபுணர் வந்து, கண்ணாடியில் ரேகை இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அதைப் பதிவும் செய்திருக்கிறாரா? தம்பியை அதற்குப் பிறகுதான் முதல்முறையாக ஸ்டேஷனுக்கு அழைத்தார்களா? இப்படி இருந்தால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். தேதிகள் இடித்தாலோ, கண்ணாடி சீல் வைக்காமல் நாள்கணக்கில் ஸ்டேஷனில் கிடந்து பிறகு சோதனைக்குப் போனாலோ, அது பெரிய விஷயம். 1997-ல் முகமது அமான் வழக்கில், பித்தளைப் பாத்திரத்தில் இருந்த ரேகை பொருந்தியும் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கைப்பற்றிய பொருள் கைமாறியதில் யாரும் தலையிடவில்லை என்பதை அரசுத் தரப்பு காட்டவில்லை, மாதிரி ரேகையை மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்கவும் இல்லை என்பவை காரணம். மாதிரி எடுக்கும் சட்டம் 2022-ல் மாறிவிட்டது, இப்போது கைதானவரிடம் போலீசாரே எடுக்கலாம், மறுப்பதே குற்றம். பொருள் கைமாறிய கணக்கு மட்டும் இன்றைக்கும் அப்படியே கேட்க வேண்டியதுதான்.

உங்கள் அப்பாவின் விரல் விஷயம் வேறு. சிமெண்டும் சுண்ணாம்பும் காரமானவை. செங்கல்லும் சேர்ந்து விரல் மேடுகளைத் தேய்த்துவிடும். வயதானால் தோல் உலர்ந்து இன்னும் தட்டையாகும். ரேஷன் கடை இயந்திரத்துக்கு ஒரு நொடியில் தெளிவான பதிவு வேண்டும், கிடைக்கவில்லை என்றால் மறுத்துவிடும். அவருக்கு ரேகையே இல்லை என்று அர்த்தமில்லை. மேடுகளின் அச்சு தோலின் அடி அடுக்கில் இருக்கிறது. சில வாரம் சிமெண்ட் வேலை இல்லாமல் இருந்தால் அதே ரேகை அதே வடிவில் மேலே வந்துவிடும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவட்டும், கடைக்குப் போகும் அன்று கையைக் கழுவி உலர்த்திவிட்டு, தேய்மானம் குறைந்த விரலை, மோதிர விரலோ சுண்டு விரலோ, வைத்துப் பார்க்கட்டும். கருவிழிக் கருவி இருக்கும் கடையில் அதைக் கேட்கலாம், அட்டையில் பெயர் உள்ள வேறு யாராவதும் போகலாம். தம்பி வழக்கில் ஒப்பிட்டது இயந்திரம் இல்லை, ஒரு நிபுணரின் கண். அதனால் நீதிமன்றத்தில் ரேஷன் கடையை உதாரணமாகக் காட்ட வேண்டாம், எடுபடாது.

கடைசியாக, பலர் தெரியாமல் விட்டுவிடுகிற ஒன்று. 2022-ம் வருடச் சட்டப்படி தம்பியின் பத்து விரல் பதிவு 75 வருடம் வரை கோப்பில் இருக்கலாம். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் விடுதலையானால், மேல்முறையீடு எல்லாம் முடிந்த பிறகு, நீதிமன்றம் காரணம் எழுதி வேறு மாதிரி உத்தரவிட்டால் ஒழிய, அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அது தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். வழக்கிலிருந்து வெளியே வந்ததும் தீர்ப்பு நகலை இணைத்துக் காவல்துறைக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். அழித்துவிட்டோம் என்ற பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.